பீரோ கண்ணாடி

மார்கரெட்: நக்கிடுச்சா?

ஆசீர்வாதம்: நக்கிடுச்சு. மேல இருந்து கீழ வரைக்கும். உப்புக்கட்டிய நக்கற மாதிரி.

மார்கரெட்: கண்ணாடியையா?

ஆசீர்வாதம்: கண்ணாடியத்தான். நெத்தியில சுண்ணாம்பால இத்தாம் பெரிய பொட்டு வச்சி, மூஞ்சிக்கு நேரா புடிச்சிகினு நிக்கறேன். செவலை பாத்துது. மோந்துது. அப்பால நாக்க நீட்டிச்சு...

மார்கரெட்: பாவம். வேற எந்த மாடோ வந்து நிக்குதுன்னு நெனச்சிருக்கும். வான்னு கூப்ட்டிருக்கும்.

ஆசீர்வாதம்: சிரிக்காத. பால் சிந்திடப் போவுது.

மார்கரெட்: கை பாட்டுக்குக் கறக்கும், வாய் பாட்டுக்கு சிரிக்கும். நீங்க சொல்லுங்க. அறுபத்திரெண்டு வயசு ஆம்பள காலங்காத்தால மாட்டுக்குக் கண்ணாடி காட்டிகினு நிக்கறத யாராவது பாத்தாங்களா?

ஆசீர்வாதம்: பக்கத்து வூட்டு இசைவாணி பாத்துட்டா.

மார்கரெட்: இன்னா சொன்னா?

ஆசீர்வாதம்: 'இன்னா மாமா, செவலைய பொண்ணு பாக்க வராங்களா'ன்னு கேட்டா.

மார்கரெட்: நல்லா கேட்டா. உங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?

ஆசீர்வாதம்: உம் பொண்ணுதான். அனிட்டா போன்ல ஒரு வீடியோ அனுப்பிச்சா. எந்த மிருகத்துக்கு 'நான்'னு ஒரு நெனப்பு இருக்குதுன்னு கண்டுபுடிக்கறாங்களாம்.

மார்கரெட்: எப்படி?

ஆசீர்வாதம்: அதுக்குத் தெரியாம நெத்தியில ஒரு பொட்டு வச்சிடறது. அப்பால கண்ணாடியாண்ட வுட்டுடறது. உள்ள தெரியறது தாந்தான்னு அதுக்குத் தெரிஞ்சா, தன் நெத்தியத் தொட்டுப் பாக்குமாம். தெரியலன்னா...

மார்கரெட்: தெரியலன்னா?

ஆசீர்வாதம்: கண்ணாடிய மோந்துட்டுப் பூடும். இல்லன்னா அதோட சண்டைக்கு நிக்கும்.

மார்கரெட்: ம்... எதுனா பாசாச்சா?

ஆசீர்வாதம்: ஒரு யானை தும்பிக்கையால நெத்தியத் தொட்டுப் பாத்துதாம். காக்கா மாதிரி ஏதோ ஒரு பறவையும் பாஸு.

மார்கரெட்: நாயி?

ஆசீர்வாதம்: நாயி பெயிலு.

மார்கரெட்: செவலையும் பெயிலு.

ஆசீர்வாதம்: செவலையும் பெயிலு.

மார்கரெட்: போங்க நீங்களும் உங்க பரீட்சையும். அதுக்கு எதுக்குங்க கண்ணாடி? 'செவல'ன்னா காது திரும்புது. மேஞ்சிட்டு வந்தா நாலு மொளையில தன் மொளை எதுன்னு தானா போய் நிக்குது. பத்து கன்னு கத்தினாலும் தன் கன்னு சத்தம் தெரியுது. நான் தொட்டா பால வுடுது, நீங்க தொட்டா காலத் தூக்குது. தான் யாருன்னு தெரியாமலா இதெல்லாம் செய்யும்?

ஆசீர்வாதம்: அது பழக்கம் மார்கரெட்டு.

மார்கரெட்: பழக்கத்துக்கும் தெரியறதுக்கும் இன்னா வித்தியாசம்?

ஆசீர்வாதம்: ...அத்த அந்த வீடியோவுல சொல்லல.

மார்கரெட்: பால் சொசைட்டி வண்டி வந்துடுச்சா?

ஆசீர்வாதம்: இன்னும் வரல. ஆறரைக்குத்தான் வரும்.

மார்கரெட்: கன்னுக்கு ஒரு காம்பு வுட்டு வச்சிருக்கேன். அவுத்து வுடுங்க.

ஆசீர்வாதம்: இரு, கறந்து முடி. நொரை எப்படி நிக்குது பாரு. இந்தக் கையி எனக்கு வரவே வராது.

மார்கரெட்: முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கின கை. நூத்தியிருபது புள்ளைங்களுக்கு அண்டா அண்டாவா சோறு வடிச்ச கை. தலைதான் மக்கர் பண்ணுது, கை ஒழுங்காத்தான் இருக்குது.

ஆசீர்வாதம்: தலையும் ஒழுங்காத்தான் இருக்குது.

மார்கரெட்: அப்ப பீரோ ஏங்க மறுபடியும் செவுத்தப் பாத்துகினு நிக்குது?

ஆசீர்வாதம்: பீரோவா?

மார்கரெட்: பீரோதான். நம்ப கல்யாணத்துக்கு எங்க அப்பா வாங்கிக் குடுத்த பீரோ. ஒரு சேல எடுக்கணும்னா செவுத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல பல்லி மாதிரி பூர வேண்டியிருக்குது.

ஆசீர்வாதம்: சேலையெல்லாம் டிரங்கு பொட்டியில வச்சிருக்கேனே.

மார்கரெட்: அதான் ஏன்னு கேக்கறேன்.

ஆசீர்வாதம்: வெயிலு பட்டு கண்ணாடி மங்குது. அதான் திருப்பி வச்சேன்.

மார்கரெட்: அந்த ரூமுக்கு ஜன்னலே கெடையாது. அந்தப் பொம்பள வராளேன்னுதானே திருப்பி வச்சீங்க?

ஆசீர்வாதம்: எந்தப் பொம்பள?

மார்கரெட்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. பொங்கலுக்கு அனிட்டா வந்தப்ப நான் சண்ட போட்டேனாமே. எம் பொடவையக் கட்டிகினு எவளோ ஒருத்தி வூட்டுக்குள்ள வந்து நிக்கறா, வெளிய போடின்னு. சண்ட போட்டது எனக்கு நெனப்பே இல்ல. அனிட்டா மூஞ்சி போன போக்கு மட்டும் நெனப்புல இருக்குது. சின்ன வயசுல கெணத்துல வாளிய வுட்டுட்டு வந்து நிப்பா பாருங்க... அப்படி நின்னா.

ஆசீர்வாதம்: அதெல்லாம் பழைய கதை. அத்த வுடு. பொதன்கெழமையோட எல்லாம் மாறிப் போச்சு.

மார்கரெட்: பொதன்கெழம இன்னா?

ஆசீர்வாதம்: இன்னா இன்னான்றியே... விபூதி புதன், தவக்காலம் ஆரம்பிக்கற நாளு. கோயிலுக்குப் போனோம். ஃபாதரு நெத்தியில சாம்பல்ல சிலுவை போட்டாரு.

மார்கரெட்: ஆமா. மண்ணுன்றத மறக்காதன்னு சொன்னாரு. மறக்காதன்னு எங்கிட்ட வந்து சொல்றாரே ஃபாதருன்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

ஆசீர்வாதம்: பாத்தியா, எல்லாம் நெனப்புல இருக்குது. இத்த அப்படியே அனிட்டாகிட்ட சொல்லு.

மார்கரெட்: அனிட்டா வராளா?

ஆசீர்வாதம்: இன்னிக்கி வரா. மெட்ராசுல இருந்து வந்துகினு இருக்கா.

மார்கரெட்: எதுக்கு?

ஆசீர்வாதம்: உன்ன இட்டுகினு போறதுக்குன்னு கெளம்பினா. இப்ப சும்மா பாத்துட்டுப் போவப் போறா.

மார்கரெட்: வெளக்கமா சொல்லுங்க. நடு நடுவுல வுட்டுட்டா எனக்குப் புரியல.

ஆசீர்வாதம்: பொங்கலன்னிக்கே அவ சொல்லிட்டா. 'தன் மூஞ்சியே தெரியாத நெலமைக்கு வந்துட்டவங்கள நீ ஒண்டியா வச்சிப் பாக்க முடியாதுப்பா, நான் மெட்ராசுக்கு இட்டுகினு போறேன்'னு. நான் கையில கால்ல வுழாத கொறையா கேட்டு, தவக்காலம் ஆரம்பிக்கற வரைக்கும் டைம் வாங்கினேன்.

மார்கரெட்: அதுக்குள்ள நான் தேறணும்.

ஆசீர்வாதம்: தேறிட்டியே. பொதன்கெழம சாயந்தரமே போன் போட்டு சொல்லிட்டேன். அம்மாவுக்குத் தன்ன தெரியுதுடி, வூட்டுலயே இருக்கட்டும்னு.

மார்கரெட்: ...சொசைட்டி வண்டி வந்துடுச்சா?

ஆசீர்வாதம்: இன்னும் வரல. ஆறரைக்குத்தான் வரும்.

மார்கரெட்: போன் அடிக்குது பாருங்க.

ஆசீர்வாதம்: அவதான். ஆயுசு நூறு. அலோ... ஸ்பீக்கர்ல போடறேன், அம்மாவும் இங்கதான் இருக்கா.

அனிட்டா: அப்பா, பஸ் உளுந்தூர்ப்பேட்டை தாண்டிடுச்சு. கள்ளக்குறிச்சி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அம்மா... நான் யாரு, சொல்லு?

மார்கரெட்: போலீசு.

அனிட்டா: அம்மா, விளையாடாத.

மார்கரெட்: அனிட்டாடி. எடுத்ததும் கேள்வி கேட்டா போலீசுன்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்றது? துன்னியா?

அனிட்டா: வந்து சாப்பிடறேம்மா. அப்பா... ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

ஆசீர்வாதம்: இரு... தோ... ஆஃப் பண்ணிட்டேன். சொல்லும்மா.

அனிட்டா: புதன்கிழமை நீ சொன்னது நிஜம்தானே?

ஆசீர்வாதம்: நிஜம்தான். எத்தினி தடவ கேப்ப?

அனிட்டா: கோவப்படாதப்பா. மெட்ராஸ்ல பகல்ல அம்மாவைப் பாத்துக்க ஒரு ஆயாம்மாவைப் பேசி வச்சிருக்கேன். திங்கக்கிழமைல இருந்து வரேன்னு சொன்னாங்க. வேணாம்னா இன்னிக்குக் காலையிலேயே சொல்லிடணும், அவங்க வேற வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் அந்த மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்கப்பா.

ஆசீர்வாதம்: வேணாம்னு சொல்லிடு.

அனிட்டா: நீ ஏதாவது சொல்லிக் குடுத்தியா அம்மாவுக்கு?

ஆசீர்வாதம்: மாதா மேல சத்தியமா நான் வாயத் தொறக்கல. அவளா கையத் தூக்கினா. அவளா நெத்தியத் தொட்டா.

அனிட்டா: வேற எதுவும் நடக்கலியே? கேஸைத் தொறந்து விட்டுட்டுப் போறது... கோவத்துல கையை ஓங்கறது...

ஆசீர்வாதம்: ஒன்னும் இல்ல. பச்சப்புள்ள மாதிரி இருக்கா.

அனிட்டா: சரிப்பா. நான் கள்ளக்குறிச்சியில இறங்கினதும் அந்தம்மாவுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். ரெண்டு நாள் இருந்துட்டு நான் மட்டும் கிளம்பறேன்.

ஆசீர்வாதம்: அப்படிச் சொல்லு எங்கண்ணு. வையி.

மார்கரெட்: ஸ்பீக்கர் ஆஃப் ஆவல.

ஆசீர்வாதம்: இன்னாது?

மார்கரெட்: அதுல வேற பட்டன அமுக்கினீங்க. எல்லாம் கேட்டுச்சு.

ஆசீர்வாதம்: ...கேட்டா கேக்கட்டும். நல்லதுதானே பேசினோம்.

மார்கரெட்: பச்சப்புள்ளையாமே நான்.

ஆசீர்வாதம்: ஒரு பேச்சுக்கு சொன்னேன். வுடு. எழுந்துக்க, செம்பக் குடு. அஞ்சு மணி வேல முடிஞ்சுது. அடுத்தது இன்னா, சொல்லு பாப்போம்?

மார்கரெட்: தோ செவுத்துல கரிக்கட்டையால எழுதி வச்சிருக்கீங்களே. அஞ்சு, கறக்கறது. ஆறு, சாணி அள்ளறது. ஆறரை, சொசைட்டி. ஏழு, கஞ்சி. எட்டு, மாதா கெபி வரைக்கும் நடந்துட்டு வரது. பள்ளிக்கூடத்துல கூட நான் இப்படி டைம்டேபிள் பாத்ததில்ல.

ஆசீர்வாதம்: கள்ளக்குறிச்சி டாக்டரு சொன்னத செய்யறேன். மாத்திர கொஞ்சம்தான் தாங்கும், பழக்கம்தான் ஆள நிறுத்திப் புடிக்கும்னாரு. அதே நேரத்துக்கு எழுந்துக்கணும், அதே வேல, அதே தட்டு, அதே டம்ளரு. எடத்த மாத்திட்டா எல்லாம் போச்சுன்னாரு.

மார்கரெட்: அதான் மெட்ராசு வேணான்றீங்க.

ஆசீர்வாதம்: அங்க செவலை இருக்குதா? கெபி இருக்குதா? மூணாவது மாடியில ஒரு நாற்காலியில குந்த வச்சி டிவி போட்டு வுட்டுடுவாங்க. ஒரு மாசத்துல உங்கையும் மறந்துடும். அப்பால இன்னா மிச்சம் இருக்கும்? இங்க பொங்கலுக்கு அப்பால உனக்கு ஒரு கொறையும் இல்லியே. நேரத்துக்கு எழுந்துக்கற, நேரத்துக்குத் துன்ற, கோயில்ல வரிக்கு வரி ஜபம் சொல்ற. இசைவாணியே ஆச்சரியப்பட்டா. 'அத்தைக்கு ஒன்னும் இல்ல மாமா, நல்லாத்தான் இருக்காங்க'ன்னா.

மார்கரெட்: அனிட்டாப்பா... இப்படி வெளிச்சத்தாண்ட வாங்க.

ஆசீர்வாதம்: எதுக்கு?

மார்கரெட்: வாங்கன்னா வாங்க. அந்தத் துண்ட எடுங்க தலையில இருந்து.

ஆசீர்வாதம்: பனி பெய்யுது. காதுல காத்து பூரும்.

மார்கரெட்: எடுங்க.

ஆசீர்வாதம்: தோ, எடுத்துட்டேன்.

மார்கரெட்: புருவத்துக்கு மேல இன்னா இது? கன்னிப் போயிருக்குது. தையல் போட்டிருக்குதா?

ஆசீர்வாதம்: மூணு தையல். ஒன்னும் இல்ல, செவலை கொம்பால இடிச்சிடுச்சு. திங்கக்கெழம தவிடு வைக்கும்போது குனிஞ்சேன், தலைய ஆட்டிச்சு...

மார்கரெட்: கொம்பாலயா?

ஆசீர்வாதம்: கொம்பாலதான்.

மார்கரெட்: செவலைக்கு ஏதுங்க கொம்பு? கன்னுக்குட்டியா இருக்கும்போதே கொம்பு சுட்டுட்டோமே. நான்தான் தலையப் புடிச்சிகினேன், நீங்க பாக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கினீங்க.

ஆசீர்வாதம்: ...அது நெனப்பு இருக்குதா உனக்கு?

மார்கரெட்: பழசெல்லாம் இருக்குது. சொல்லுங்க. எப்படி அடிபட்டுச்சு?

ஆசீர்வாதம்: வழுக்கி வுழுந்துட்டேன்.

மார்கரெட்: மொதல்ல கொம்பு, இப்ப வழுக்கல். எனக்குத்தான் மறதி, உங்களுக்கு ஒழுங்கா ஒரு பொய்யி சொல்ல வராதா?

ஆசீர்வாதம்: வுடு மார்கரெட்டு. சாணி அள்ளணும்.

மார்கரெட்: நானா அடிச்சேன்?

ஆசீர்வாதம்: ...

மார்கரெட்: நான் உங்கள அடிச்சேனா?

ஆசீர்வாதம்: அடிக்கணும்னு அடிக்கலடி. விடியகாலம், அடுப்பு மூட்டிகினு இருந்த. நான் பின்னால வந்து காப்பி கேட்டேன். திரும்பிப் பாத்த. திருடன்னு நெனச்சிட்ட. கையில ஊதுகுழல் இருந்துச்சு. அவ்ளோதான்.

மார்கரெட்: இரும்பு ஊதுகுழல்.

ஆசீர்வாதம்: மெதுவாத்தான் பட்டுச்சு.

மார்கரெட்: மெதுவாப் பட்டா மூணு தையலா? ரத்தம் வந்துச்சா?

ஆசீர்வாதம்: கொஞ்சம்.

மார்கரெட்: நான் இன்னா செஞ்சேன்?

ஆசீர்வாதம்: பயந்து அழுத. அப்பால நீயே பொடவத் துணியக் கிழிச்சிக் கட்டி வுட்ட. 'யாரு பெத்த புள்ளையோ, இங்க வந்து அடிபட்டுச்சே'ன்னு சொல்லிச் சொல்லி கட்டி வுட்ட. பத்து நிமிஷம் கழிச்சி, 'தலையில இன்னாங்க கட்டு'ன்னு நீயே கேட்ட. செவலை இடிச்சிடுச்சுன்னேன். அன்னிக்கு நம்பிட்ட.

மார்கரெட்: அனிட்டாகிட்ட ஒன்னும் இல்லன்னீங்களே. சத்தியம் வேற பண்ணீங்க.

ஆசீர்வாதம்: சத்தியம் கண்ணாடி விஷயத்துக்கு மட்டும்தான். அதுல பொய்யி இல்ல. இத்த நான் ஆண்டவர்கிட்ட தனியா சொல்லிக்கறேன்.

மார்கரெட்: கத்தி இருந்திருந்தா?

ஆசீர்வாதம்: இல்லியே.

மார்கரெட்: இருந்திருந்தா...?

ஆசீர்வாதம்: அது திங்கக்கெழம. அதுக்கு அப்பால பொதன்கெழம வந்துடுச்சே. அத்த ஏன் மறக்கற? அன்னிக்கே உனக்குத் திரும்பிடுச்சு எல்லாம்.

மார்கரெட்: பொதன்கெழம நடந்தத ஒரு தடவ சொல்லுங்க. மொதல்ல இருந்து.

ஆசீர்வாதம்: நீதானே செஞ்ச, உனக்குத் தெரியாதா?

மார்கரெட்: நீங்க சொல்லிக் கேக்கணும்.

ஆசீர்வாதம்: சொல்றேன். குந்து. வீடியோ பாத்ததுல இருந்தே எனக்கு அதே நெனப்பு. செவ்வாக்கெழம செவலைக்கு வச்சிப் பாத்தேன்...

மார்கரெட்: ஓ. அப்ப எனக்கு வைக்கறதுக்கு மாட்டுக்கு வச்சி ஒத்திகை பாத்தீங்க.

ஆசீர்வாதம்: அப்படிச் சொல்லாத. உனக்கு வைக்க மனசே வரல. தூங்கும்போது உன் நெத்தியில மைய வச்சிட்டு, எழுப்பிக் கண்ணாடி காட்டறதா? திருட்டுத்தனமா இருந்துச்சு. வுட்டுட்டேன். மறுநாளு கோயிலுக்குப் போனோம். ஒருசந்தி, பச்சத்தண்ணி கூடப் பல்லுல படல. ஃபாதரு உனக்கு சிலுவை போட்டாரு. வூட்டுக்கு வரும்போது வெயில்ல உன் நெத்தியப் பாத்தேன். கருப்பா, பளிச்சுன்னு... எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

மார்கரெட்: ஏன்?

ஆசீர்வாதம்: நான் வைக்காத பொட்ட ஆண்டவரே வச்சி அனுப்பிட்டாரே. கண்ணாடி இல்லாம அது உங்கண்ணுக்குத் தெரியாது. இது அவரு வைக்கற பரீட்சை, இதுல பாசானா அது அவரு சொல்ற பதில்னு நெனச்சேன். வந்ததும் பீரோவத் திருப்பினேன். உன்ன அதுக்கு முன்னால நிறுத்தினேன். நீ பாத்துகினே இருந்த. எனக்கு ஒரே பயம். எங்க சண்ட போட ஆரம்பிச்சிடுவியோன்னு. அஞ்சு நிமிஷம் இருக்கும்... ஜாஸ்தியே இருக்கும். அப்பால மெதுவா கையத் தூக்கின. கண்ணாடியாண்ட போவல. நேரா உன் நெத்திக்குப் போச்சு கையி. ஒரு வெரலால சிலுவையத் தொட்ட. வெரல்ல ஒட்டின சாம்பலப் பாத்த. அதுக்கு மேல என்னால அங்க நிக்க முடியல...

மார்கரெட்: வெளிய ஓடிட்டீங்க.

ஆசீர்வாதம்: ஓடியாந்து இந்தத் தொட்டியாண்ட குந்திகினு...

மார்கரெட்: அழுதீங்க. செவலைகிட்ட சொல்லிச் சொல்லி அழுதீங்க. 'எம் பொண்டாட்டி எனக்குத் திரும்ப கெடச்சிட்டா'ன்னு.

ஆசீர்வாதம்: கேட்டுச்சா உனக்கு?

மார்கரெட்: கேட்டுச்சு. மூணு நாளா நீங்க சிரிச்சிகினு திரியறதயும் பாக்கறேன். வேலை செய்யும்போது பாட்டு வேற பாடறீங்க. எத்தினி நாளாச்சு நீங்க பாடி... அத்தக் கெடுக்க மனசு வரல.

ஆசீர்வாதம்: கெடுக்கறதுக்கு இன்னா இருக்குது?

மார்கரெட்: அப்ப நீங்க எங்க நின்னுகினு இருந்தீங்க?

ஆசீர்வாதம்: எப்ப?

மார்கரெட்: நான் கண்ணாடியப் பாக்கும்போது.

ஆசீர்வாதம்: உன் பின்னாலதான். தோளாண்ட. நீ சாஞ்சிட்டா புடிச்சிக்கலாம்னு.

மார்கரெட்: உங்க நெத்தியிலயும் சாம்பல் இருந்துச்சு.

ஆசீர்வாதம்: இருந்துச்சு. கோயிலுக்கு வந்த எல்லாருக்கும்தான் இருந்துச்சு. அதுக்கு இன்னா?

மார்கரெட்: அனிட்டாவுக்குப் போன் போடுங்க. இந்நேரம் தியாகதுருகம் வந்திருப்பா. கள்ளக்குறிச்சியில எறங்கறதுக்குள்ள சொல்லிடணும்.

ஆசீர்வாதம்: இன்னா சொல்லணும்?

மார்கரெட்: அந்தம்மாவ வேணாம்னு சொல்ல வேணாம்னு சொல்லுங்க. திங்கக்கெழம வரட்டும். நான் எந்துணிய எடுத்து வைக்கறேன்.

ஆசீர்வாதம்: ஊதுகுழலுக்காக சொல்றியா? மூணு தையலு, அடுத்த வாரம் பிரிச்சிடுவாங்க. இதுக்குப் போயி...

மார்கரெட்: அதுக்கு மட்டும் இல்லீங்க.

ஆசீர்வாதம்: பின்ன? நீ போயிட்டா நான் இங்க இன்னாத்துக்கு எழுந்துக்கணும்? யாருக்கு கஞ்சி வைக்கணும்? செவலை எங்கைக்குப் பால வுடாது, தெரியுமில்ல? அத்தயும் வித்துட வேண்டியதுதான்.

மார்கரெட்: தெரியும். எல்லாம் ரோசன பண்ணிட்டுத்தான் சொல்றேன். இப்ப ரோசன பண்ண முடியுது. மதியானம் முடியுமோ முடியாதோ.

ஆசீர்வாதம்: மார்கரெட்டு, நீ பாஸு. எங்கண்ணால பாத்தேன். நீயா கையத் தூக்கின, நீயா தொட்ட. நான் ஒரு வார்த்த சொன்னேனா? சொல்லு. ஒரு வார்த்த சொன்னேனா நான்?

மார்கரெட்: வார்த்த சொல்லல. உங்க கைய உங்க நெத்தியில வச்சிகினு, வையி வையின்னு என்னையே பாத்துகினு நின்னீங்க... உங்களுக்கே தெரியாம. கோயில்ல நீங்க எழுந்தா நானும் எழுந்துக்கறேன், நீங்க முட்டி போட்டா நானும் போடறேன். ஜபம் எல்லாம் மறந்து ரொம்ப நாளாச்சுங்க, உங்க வாயப் பாத்துத்தான் வாய அசைக்கறேன். அன்னிக்கும் அப்படித்தான் செஞ்சேன். அந்தக் கண்ணாடியில எனக்கு உங்கள மட்டும்தான் தெரிஞ்சுது. பக்கத்துல நின்னாளே ஒரு பொம்பள... அவ யாருன்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியல.